மடக்கு மயில்

எங்கள் வீட்டில் பாய் விரிக்க வேண்டுமென்றால் முதலில் மாரியம்மனைச் சற்று நகர்த்த வேண்டும். பன்னிரண்டு அடி உயரம். இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து, உடம்பெல்லாம் சீரியல் பல்பு கட்டிய மாரியம்மன். நிற்பதற்குக் கூரை இடம் கொடுக்காததால் கூடத்தில் குறுக்காகச் சாய்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் பிள்ளையார், அவருக்குப் பின்னால் சங்கும் சக்கரமும், ஜன்னலை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு மயில். மயிலின் தோகையைத் தாண்டி வெளிச்சம் வராது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுத்தான் அம்மா அரிசியில் கல் பொறுக்குவாள். வீடு முழுக்க ஆயிரக்கணக்கில் பல்பு இருந்தும் எங்களுக்கென்று எரிந்தது ஒன்றுதான்.

அப்பாவுக்கு லைட் செட்டிங் தொழில். கும்பாபிஷேகம், கல்யாணம், கட்சி மாநாடு என்று எது வந்தாலும் போவார். மாசி மாதம் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. அந்தச் சாமிகள் எல்லோரும் முன்பு மொட்டை மாடியில்தான் குடியிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. மேலே வீட்டுக்கார மாமி, கீழே நாங்கள். ஒருநாள் மாமி படியிறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"மாடியில ரூம் எடுக்கப் போறோம்டி. உங்காத்துக்காரர்ட்டச் சொல்லி அதையெல்லாம் கீழ எறக்கச் சொல்லு. தப்பா எடுத்துக்காதே."

"சரிங்க மாமி" என்றாள் அம்மா. அவள் எதையும் தப்பாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அதற்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை என்பதுதான் சரி.

எனக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. வீட்டுக்குள் சாமிகள் வந்து சேர்ந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பிள்ளையாரின் தும்பிக்கைக்குக் கீழே எனக்கு ஒரு படுக்கை கிடைத்தது. கம்பியில் என் ரிப்பன்களைத் தொங்கவிட்டேன். அப்பா நடையில் படுத்துக்கொண்டார். அம்மாவுக்கு மிஞ்சியது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து. அதில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். புரள வேண்டுமென்றால் எழுந்து நின்று திரும்பிப் படுக்க வேண்டும். காலையில் எழும்போது அவள் புடவையில் எங்கேயாவது ஒரு கம்பி முனை கிழித்திருக்கும். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அம்மா "ம்" என்றுதான் சொல்வாள். பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்று ஒருமுறை பொய்யாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "ம்".

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்வீட் கடைக்கு அட்டைப் பெட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அட்டைகள் தட்டையாக, கட்டுக்கட்டாக ஒரு சைக்கிளில் வந்து இறங்கும். அவற்றைப் பெட்டியாக்கி அடுக்கினால் கூரை வரை போகும். எடுத்துப்போக மூன்று சக்கர வண்டி வரும். இந்தக் கூத்தை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் மத்தியானம் ஏதோ தோன்றியிருக்கிறது. நான் பள்ளிவிட்டு வந்தபோது மயிலுக்கு எதிரே உட்கார்ந்து, மடிக்காத ஓர் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இது ஏன் எப்பவும் பெட்டியாவே இருக்கு?" என்றாள் மயிலைக் காட்டி.

எனக்குப் புரியவில்லை. அது மயில் என்றேன்.

"எரியற நேரத்துக்கு மயிலா இருந்தா போதாதா? மத்த நேரத்துக்கு அட்டையா கெடந்தா என்ன?"

அவ்வளவு நீளமாக அவள் பேசி வெகுநாளாகியிருந்தது. அன்றிலிருந்து ஒரு பத்து நாள், பெட்டி மடிக்கிற நேரம் போக மீதி நேரத்தில் அட்டையில் சின்னதாக ஒரு மயில் வெட்டினாள். கழுத்தைத் தனியாக, தோகையைத் தனியாக, கால்களைத் தனியாக. சில இடங்களில் நூலால் முடிந்து மடங்கும்படி செய்தாள். சில இடங்களைக் கழற்றி மாட்டும்படி விட்டாள். முதல் மயில் மடங்கியது, விரியவில்லை. இரண்டாவது விரிந்தது, தலை நிற்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ, முழுதாக மடக்கிக் கையில் பிடித்தபோது ஒரு முருங்கைக்காய்க் கட்டைப் போல இருந்தது. அதை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா ரசத்தைக் கையில் ஏந்தியபடியே அதைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் அவருக்குக் கோபம் வந்தது.

"சாமிய அறுக்கச் சொல்றியா?"

"மயில் சாமி இல்லையேங்க. அத மொதல்ல அறுத்துப் பாப்போம்."

"முருகனோட வாகனம்."

"வாகனம்தானே. உங்க வண்டியக்கூடத்தான் மாசத்துக்கு ஒருக்கா பிரிச்சு மாட்டுறாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுக்க அவருக்கு வராது.

அரியமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மயிலைத் துண்டு போடுவதற்கு முன், மடக்கினால் எவ்வளவு நீளம் வர வேண்டும், எவ்வளவு அகலம் வர வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்டார். அம்மா முந்தானையிலிருந்து இரண்டு நூல்களை எடுத்துக் கொடுத்தாள். அவற்றை எங்கிருந்து அளந்தாள் என்று எனக்குத் தெரியும். காலையில்தான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்து அளந்துகொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல ஒரு வெரக்கடைகூடப் போகக் கூடாதுங்க" என்றாள்.

"பெட்டிக்குள்ள வெக்கணுமாம்மா?"

"ஆமாங்க. அந்த மாதிரி."

கம்பி சொன்னபடி கேட்டது. ஒயர்தான் கேட்கவில்லை. கீல் வைத்து மடக்கிய இடத்திலெல்லாம் நாலாவது தடவையே ஒயர் அறுந்தது. அறுந்தது எங்கே என்று தேடிப் பிடிப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். அப்பா, இது ஆகாது என்று கைவிட்டார். அம்மா கைவிட்டாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெட்டி மடித்தாள், சமைத்தாள், இடையிடையே ஒரு கீலைத் திறந்து திறந்து மூடினாள். கடைசியில் மடங்குகிற இடங்களில் ஒயரைத் தொளதொளவென்று ஒரு வளையமாக விட்டு, கழற்றுகிற இடங்களில் சின்ன பிளக் வைத்தாள். பிறகு ஒயர் அறுந்துபோகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் கோயில் ஒன்றிலிருந்து இரண்டு பேர் அப்பாவைத் தேடி வந்தார்கள். அவர்களில் நரைமீசைக்காரர் ஒருவர், கோயில் கமிட்டித் தலைவர், எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சாமிகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உட்கார இடம் தேடினார். இடம் இல்லாததால் நின்றபடியே பேசினார்.

"எங்களுக்கு லைட் சாமி யாரும் தரமாட்டேங்கிறாங்க. மேல வர்றதுக்கு நாப்பது வளைவுங்க. போன வருசம் லாரியில ஏத்துன முருகரு பதினேழாவது வளைவுல மரத்துல மாட்டிக்கிட்டாரு. கையி ஒடஞ்சுபோச்சு."

அப்பா மயிலை மடக்கிக் காட்டினார். பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில்கூட வைத்துக் கொண்டுபோகலாம் என்றார். அதை அவரே யோசித்துச் செய்ததைப் போலத்தான் சொன்னார். அம்மா சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் மயிலை விலைக்கே கேட்டார்கள். கோயிலிலேயே வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சங்கடம் இருந்தது. இங்கே இருந்தால் மாட்டுவதற்கு அப்பா உண்டு, அம்மா உண்டு. மலையில் யார் மாட்டுவார்கள்? எந்த முனை எந்த முனையோடு சேர வேண்டும் என்று எழுத வேண்டும். முப்பத்திரண்டு இணைப்புகள். அந்தப் பொறுப்பு எழுத்து அழகாக இருக்கும் எனக்கு வந்தது. முதலில் பெயிண்டால் எண் போட்டேன். ஒத்திகை பார்க்க அப்பா வாசலில் உட்கார்ந்து மாட்டத் தொடங்கி, "இது ஆறா, ஒம்பதா?" என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே களைத்துப்போனார்.

"தலைகீழா புடிச்சாலும் மாறாத மாதிரி எழுது" என்றாள் அம்மா.

நான் யோசித்தேன். எனக்கு அப்போது வரிசையாக மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வகுப்பு வருகைப் பதிவேடு ஒன்றுதான். நான் லீடர், தினமும் ஆசிரியைக்குப் பக்கத்தில் நின்று பெயர் படிப்பது நான். எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டுக்கு மேலேயே பெண்கள் இருந்தார்கள். எனவே எண்களைத் துடைத்துவிட்டு, மயிலின் கழுத்தடியில் அபிராமி, மார்பில் அமுதா, இறக்கையில் கவிதா என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு கம்பியின் முனையில் கவிதா என்றிருந்தால் அவள் சேர வேண்டிய இடத்திலும் கவிதா என்றிருக்கும். அம்மா பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்பதைப் போல என் தலையில் கை வைத்தாள். ஒரு தாளில் நான் குறிப்பும் எழுதினேன்: "ஒரே பெயர் உள்ள முனைகளைச் சேர்க்கவும். சுத்தியலால் அடிக்கக் கூடாது."

மயிலைச் சாக்கில் கட்டி லாரி ஆபீஸில் போட்டாயிற்று. அது போனதும் எங்கள் வீட்டு ஜன்னல் திறந்தது. கூடத்தில் வெயில் விழுந்தது. அம்மா அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். துணி காய்கிற மாதிரி நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் செல்போன் அடித்தது. மறுநாள் மலையில் திருவிழாத் தொடக்கம். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னது, பிரியாவா? எந்தப் பிரியா?"

எங்கள் வகுப்பில் இரண்டு பிரியாக்கள். ஆர். பிரியா, எஸ். பிரியா. கம்பி முனையில் இடம் போதாததால் நான் இனிஷியல் போடவில்லை.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னார். "மத்த பொண்ணுங்க எல்லாம் ஜோடி சேந்துருச்சாம். இந்தப் பிரியா மட்டும் பிரியாவோட சேர மாட்டேங்குதாம்."

இரண்டு பிரியாக்களும் பார்க்க ஒரே மாதிரி வளைந்த கம்பிகள். ஒன்று கழுத்துக்கு, ஒன்று தோகையின் அடிக்கு. அவர்கள் இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். சேரவில்லை. பொறுமை போய் யாரோ சுத்தியலை எடுத்திருக்கிறார்கள். ஒரு கம்பி வளைந்து, ஒரு போல்ட்டின் மரை தேய்ந்துவிட்டது.

"மாத்தி மாட்டச் சொன்னா முடிஞ்சுது" என்றார் அப்பா. "போன்லயே சொல்லிடறேன்."

"கம்பி வளைஞ்சிருச்சுங்கிறாங்க. போன்ல நிமுத்த முடியுமா?" என்றாள் அம்மா. "நீங்க சமயபுரம் போயாகணும். நான் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"பாப்பா வரட்டும். அவ எழுதுனதுதானே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது என்று நான் அழத் தொடங்கினேன். நான் அழுது முடிப்பதற்குள் அம்மா ஒரு கட்டைப்பையில் இரண்டு புடவையும் என் உடுப்புகளும் ஸ்பானரும் எடுத்து வைத்துவிட்டாள். ஒரு நாள் வேலைக்கு இரண்டு புடவை எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

விடியற்காலை பஸ் ஏறினோம். பொள்ளாச்சி வரை அம்மா எப்போது திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை வந்தது. பத்தாவது வளைவில் திட்டுவாள் என்று நினைத்தேன். இருபதாவது வளைவில் வாந்தி எடுத்தேன். என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், வாயைத் துடைத்துவிட்டாள். நாற்பது வரை எண்ணி முடித்தும் அவள் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைக் கொடுத்து, குளிர்காற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்படி என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மூன்று மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். கோயில் முன்னாலிருந்த மைதானத்தில் மயில் மல்லாந்து கிடந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், நாலு நாள் காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்க வந்தவர்களைப் போல நின்றிருந்தார்கள். "பாப்பாதான் பேரெழுதுனதா?" என்று தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மயிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வளைந்த கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு கற்களை எடுத்துவரச் சொல்லி, அவற்றின் நடுவில் கம்பியைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள். பையிலிருந்து வேறு போல்ட்டை எடுத்துப் போட்டாள். பிரியாக்களை இடம் மாற்றினாள். பிளக்குகளைச் செருகினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்க, மயில் எழுந்து நின்றது.

"இவ்ளோதானா?" என்றார் தலைவர். "இதுக்கா திருச்சியிலேருந்து வந்தீங்க? போன்ல சொல்லியிருந்தா நாங்களே எதையாச்சும் பண்ணியிருப்போமேம்மா. சரி, டீ குடிங்க. அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு, கெளம்பிடலாம்."

அம்மா டீயைக் குடித்தாள். பிறகு சொன்னாள்: "எரியறதப் பாத்துட்டுப் போறோங்க."

அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். அங்கே இலை பறிக்கிற ஓர் அக்காவைக் கூப்பிட்டு, தங்குவதற்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்த அக்கா எங்களைத் தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு அழைத்துப்போனாள். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். பாதி வீடுகள் பூட்டியிருந்தன.

"ஆளுங்கல்லாம் எறங்கிப் போயிட்டாங்க" என்றாள் அவள், ஒரு பூட்டைத் திறந்தபடி. "திருப்பூரு, கோயமுத்தூருன்னு. இது எங்க அண்ணன் இருந்த வீடு. நேத்துதான் கூட்டி விட்டேன். பொழுது சாஞ்சா பாப்பாவ வெளிய தனியா விடாதீங்க, சிறுத்தை நடமாட்டம் இருக்கு. கோயிலுக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பானை இல்லை, ஒரு பெட்டி இல்லை, சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. சிமென்ட் தரை மட்டும் சுவரிலிருந்து சுவர் வரை கிடந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, இதென்ன இப்படி ஒரு வீடு என்று. அம்மா உள்ளே போனாள். நாலு சுவரையும் ஒட்டி ஒரு சுற்று நடந்தாள். அக்கா கொடுத்த கம்பளியைத் தரையின் நட்டநடுவில் விரித்தாள். அதன்மேல் மல்லாந்து படுத்து, கைகள் இரண்டையும் இரண்டு பக்கமும் நீட்டினாள். கால்களையும் அகட்டி நீட்டினாள். என் அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா பார்த்துவிடுவாளோ என்று வாசலைப் பார்த்தேன்.

"கதவ சாத்து பாப்பா" என்றாள். அதற்குள் அவள் குரல் தூக்கத்துக்குள் போய்விட்டிருந்தது.

ஆறரை மணிக்கு மயிலை ஏற்றினார்கள். அக்காவோடு போய் நான் முன்வரிசையில் நின்றேன். முதலில் கால்கள் எரிந்தன, பிறகு மார்பு, பிறகு கழுத்து வளைவில் நீல பல்புகள் ஒவ்வொன்றாக ஏறிப்போய்க் கொண்டையில் முடிந்தன. கடைசியில் தோகை ஒரே வீச்சில் விரிந்து எரிந்தது. மலைப்பனியில் பச்சையும் நீலமும் கலங்கித் தெரிந்தன. கூட்டம் முழுக்க "ஓ" என்றது. மைக்கில் தலைவர், நாற்பது வளைவு தாண்டி முழுசாக வந்துசேர்ந்த முதல் மயில் என்று அறிவித்தார். அப்பாவின் பெயரையும் சொன்னார்.

நான் அக்காவின் கையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கதவைத் தட்டி, திறந்து, அம்மாவை உலுக்கினேன். அதே இடத்தில் அதே மாதிரி கையைக் காலை விரித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அம்மா, எரியுதும்மா! எல்லாரும் பாக்கிறாங்க. வாம்மா!"

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எல்லாம் எரியுதா?"

"எல்லாம் எரியுது. பிரியா கூட எரியுது."

"எரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். எழுந்து நிற்காமல், படுத்தபடியே, ஒரு முழுப் புரளல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த மயில். அதை ஒரு தரம் வந்து பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றால், அது என்மேல் உள்ள கோபத்தால்தான். என் எழுத்து இருக்கிற மயிலைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரும்பவும் கோயிலுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பஸ்ஸுக்குக் கிளம்புவோம் என்று நான் குளித்துத் தயாராக இருந்தேன். அம்மா அக்காவின் போனை வாங்கி அப்பாவிடம் பேசினாள்.

"இன்னொரு நாள் இருந்துட்டுப் போகச் சொல்றாங்க. திரும்பவும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயப்படுறாங்க."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் கூடவேதான் இருந்தேன். பொய் சொன்னதற்காக என்னைக் கரண்டியால் அடித்திருக்கிற அம்மா இவள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள். மத்தியானம் எழுந்து அக்கா கொடுத்த சோற்றைச் சாப்பிட்டாள். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தேயிலைச் சரிவைப் பார்த்தாள். அக்கா அவளிடம், "ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அம்மா சிரித்தாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் பொழுது போகவில்லை. செய்த தப்பும் உறுத்திக்கொண்டிருந்தது. அக்காவின் மகளிடம் சிவப்பு நகப்பூச்சு கேட்டு வாங்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கோயிலுக்குப் போனேன். மயிலின் நாலு முனைகளையும் தேடிக் கண்டுபிடித்து, இரண்டில் ஆர் என்றும் இரண்டில் எஸ் என்றும் கொட்டைக் கொட்டையாக எழுதினேன். காய்ந்ததும் அதற்குமேல் இன்னொரு தரம் எழுதினேன். இனி எந்தக் காலத்திலும் மாறாது. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பாதித் தூக்கத்தில் "ம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை இறங்கினோம். இறங்குகிற வழியில் நாற்பது வளைவிலும் அம்மா ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பள்ளிக்கு லீவ் லெட்டர் எப்படி எழுதுவது என்ற கவலையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மடக்கு மயிலின் செய்தி மலையெல்லாம் பரவி, மலையிலிருந்து மற்ற ஊர்களுக்கும் பரவியது. அப்பா எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாரியம்மனையும் அரியமங்கலத்துக்கு எடுத்துப்போனார். பிள்ளையார் மடங்கினார். சங்கும் சக்கரமும் மடங்கின. கூடம் காலியானது. ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் நீட்டிப் படுத்தோம்.

பிறகு அப்பா புதிய உருவங்களைச் செய்யச் சொன்னார். மடங்கும் என்பதால் வைக்க இடம் பற்றிக் கவலை இல்லை. முன்பு ஒரு சாமி நின்ற இடத்தில் இப்போது எட்டுச் சாமிகள் சாக்குக்குள் அடங்கினார்கள். ராமர் பட்டாபிஷேகம் ஒன்று பத்துச் சாக்கில் வந்தது. பீரோவுக்கு மேலே, பரணில், கதவுக்குப் பின்னால், கூடத்தில் இடுப்புயரம், பிறகு தோளுயரம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அடுக்கினால் ஒரு விரற்கடை பிசகாமல் உட்கார்ந்தது. அளவு அம்மா கொடுத்ததுதானே. சாக்குகளைத் தூக்கிவந்து கொடுத்தது நான்தான். எங்கள் வகுப்பில் யார் வீட்டிலும் நாற்பத்தாறு சாமி கிடையாது என்று சொல்லிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தூக்கினேன். ஜன்னலை மறைத்து அடுக்கும்போது அம்மா மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"இன்னும் வருதா?"

"வருதும்மா! வாசல்ல இன்னும் நெறைய இருக்கு!"

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டி மடிக்க உட்கார்ந்தாள். உட்கார இடம் இல்லாமல் சமையலறையில், அடுப்புக்கு எதிரே.

அடுத்த மாசியில் ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "மலையிலேர்ந்து போன் ஏதும் வந்துச்சா? சேரல, எரியலன்னு?"

"வந்துச்சே. இந்த வருசமும் பிரமாதமா எரியுதாம்" என்றார் அப்பா.

அதற்கடுத்த மாசியிலும் கேட்டாள். நான் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தேன். அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். இரண்டு வருஷமாகியும் அம்மா அந்தத் தப்பை மறக்கவில்லை, என்னை இன்னும் நம்பவில்லை என்று எனக்கு ரோஷமாக இருந்தது.

"எப்படிம்மா சேராம போகும்? நான்தான் இனிஷியல் போட்டுட்டு வந்தேனே. இனிமே அவங்க நம்மளக் கூப்பிடவே வேண்டியதில்ல."

அம்மா கையிலிருந்த அட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா. நல்லா எழுதிட்ட" என்றாள்.

கடைசியில் மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, அன்று முழுதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.